எதிரி இல்லாத நாள்

திரையில் பனிப்போர்: 31

சென்ற அத்தியாயத்தில் 'தி டே ஆஃப்டர்' படத்தைப் பார்த்தோம். கான்சாஸ் மாநிலத்து ஊர் ஒன்றின் மேல் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று காட்டி, 1983 நவம்பர் 20 இரவு அமெரிக்க வீடுகளை உறையவைத்த தொலைக்காட்சிப் படம் அது. முன்னதாகவே அதைப் பார்த்த அதிபர் ரீகன், மனம் மிகவும் சோர்ந்துபோனதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். அதை இயக்கிய நிக்கோலஸ் மேயர் இந்த அத்தியாயத்திலும் வருகிறார். இந்த முறை அவர் காட்டியது போர் மூளும் நாளை அல்ல, போர் முடியும் நாளை.

*

1991 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பெலாரஸின் பெலவேஷா காட்டுக்குள் விஸ்குலி என்ற வேட்டை மாளிகையில் மூன்று குடியரசுகளின் தலைவர்கள் கூடியிருந்தார்கள். ரஷ்யாவின் யெல்ட்சின், உக்ரைனின் கிராவ்சுக், பெலாரஸின் சுஷ்கேவிச். சோவியத் ஒன்றியம் என்று ஒன்று இனி இல்லை என்று எழுதிய தாளில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்கோவில் கோர்பச்சேவ் இன்னும் அதிபர் நாற்காலியில்தான் இருந்தார். அவர் ஆள்வதற்கு நாடுதான் இல்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரு படத்துக்குக் கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. வெளியாகி இரண்டே நாள். கதை இதுதான்: ஒரு பேரரசு பெரும் விபத்தில் நொடிந்துபோகிறது. ராணுவத்துக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டதால் மீண்டு எழ வழியில்லை. வேறு போக்கில்லாமல் அதன் தலைவர் பரம எதிரியிடம் சமாதானம் பேச வருகிறார். அது பிடிக்காத அவருடைய சொந்தத் தளபதியே அவரைத் தீர்த்துக்கட்டுகிறார்.

படத்தின் பெயர் 'ஸ்டார் ட்ரெக் 6: தி அன்டிஸ்கவர்ட் கன்ட்ரி'. எண்டர்பிரைஸ் விண்கப்பலின் பழைய குழு முழுதாகச் சேர்ந்து திரையில் தோன்றிய கடைசிப் படம். விஸ்குலியில் பேனா எடுத்தவர்களில் யாருக்கும் அப்படி ஒரு படம் ஓடுவது தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் படத்தை எழுதியவர்களுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்ற வாடை முன்பே அடித்திருந்தது.

*

இந்தக் குழு யார் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகலாம். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் பார்த்தவர்கள் இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஸ்டார் ட்ரெக் தொடங்கியது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி, முன்னாள் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ்காரர். 23ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள், பல கிரகங்களோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பு நடத்துகிறார்கள், அதன் கப்பல் ஒன்று புதிய உலகங்களைத் தேடிப் போகிறது. இதுதான் கரு. கப்பலின் மேல்தளத்தில் அவர் உட்காரவைத்த ஆட்களைப் பாருங்கள். தகவல் தொடர்பு அதிகாரி உஹூரா, ஒரு கறுப்பினப் பெண். நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். ஒரு கட்டத்தில் அவர் விலக நினைத்தபோது போகாதீர்கள் என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். கப்பலை ஓட்டும் சூலுவாக நடித்த ஜார்ஜ் டகேய், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன். என்ஜின் அறையின் ஸ்காட்டியாக வந்த ஜேம்ஸ் டூஹன், நார்மண்டிக் கடற்கரையில் கனடியப் படையோடு இறங்கி ஒரு விரலை இழந்தவர். இரண்டாம் ஆண்டில் செகோவ் என்ற ரஷ்ய இளைஞனும் சேர்ந்தான். வியட்நாமில் சோவியத் ஆயுதம் அமெரிக்கச் சிப்பாயைக் கொன்றுகொண்டிருந்த 1967இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு ரஷ்யன் நல்லவன்.

இவர்களுக்கு மேலே மூவர். கேப்டன் கிர்க்காக வில்லியம் ஷாட்னர், வல்கன் என்ற கூர்க்காது இனத்து ஸ்பாக்காக லியனார்ட் நிமாய், முணுமுணுக்கும் டாக்டர் மெக்காயாக டிஃபாரஸ்ட் கெல்லி. 79 அத்தியாயங்களோடு 1969இல் தொடரை ஊற்றி மூடினார்கள். மறு ஒளிபரப்பில்தான் அது விசுவரூபம் எடுத்தது. 1979இல் முதல் திரைப்படம் வந்தது. அதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு படம்.

ரஷ்யன் கப்பலுக்குள் இருந்தான் என்றால், ரஷ்யா எங்கே இருந்தது? கிளிங்கன் என்ற பெயரில் கப்பலுக்கு வெளியே இருந்தது.

கிளிங்கன் பேரரசு முதன்முதலில் தலைகாட்டியது 1967 மார்ச் 23 அன்று, ஜீன் கூன் எழுதிய அத்தியாயம் ஒன்றில். கூட்டமைப்பும் கிளிங்கனும் ஓர் ஏழைக் கிரகத்துக்காக மல்லுக்கட்டுகின்றன. எதற்கும் உதவாதவர்கள் என்று இரு தரப்பும் நினைத்த அந்தக் கிரகத்து மக்கள் உண்மையில் உடலே தேவைப்படாத மகா சக்திகள். சண்டையை ஒரே நொடியில் நிறுத்திவிட்டு, நீங்கள் இருவரும் ஒருநாள் நண்பர்களாவீர்கள் என்று ஆரூடம் சொல்கிறார்கள். கிர்க்குக்கும் கிளிங்கன் தளபதிக்கும் முகம் சுளிக்கிறது. 1968இல் இன்னோர் அத்தியாயம். பழங்குடிகளில் ஒரு பிரிவுக்குக் கிளிங்கன் துப்பாக்கி தருகிறான். சமநிலை கெடக் கூடாது என்று அடுத்த பிரிவுக்குக் கிர்க் துப்பாக்கி தருகிறான். வியட்நாம் என்று பெயர் சொல்லத் தேவையில்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

ஆக, இந்தத் தொடர் பனிப்போரிலேயே பிறந்து, பனிப்போரின் பாலைக் குடித்து வளர்ந்தது. பனிப்போர் முடியும்போது அது என்ன செய்யும்?

*

1989இல் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அப்போது கவலை வேறு. அந்த ஆண்டு கோடையில் ஷாட்னரே இயக்கி வெளியான ஐந்தாம் படம் மண்ணைக் கவ்வியது. அதற்கு முந்தைய படம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 11 கோடி டாலர் வசூலித்திருக்க, இது 5 கோடியைத்தான் கொஞ்சம் தாண்டியது. கெல்லிக்கும் டூஹனுக்கும் எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஷாட்னரும் நிமாயும் அறுபதின் வாசலில். பாராமவுண்ட் நிறுவனத்துக்குப் பழைய குழுவின் மேல் இருந்த ஆசை தணிந்துபோனது.

இரண்டாம் படத்திலிருந்து தயாரிப்பைக் கவனித்துவந்த ஹார்வ் பென்னட் ஒரு திட்டத்தோடு வந்தார். கிர்க்கும் ஸ்பாக்கும் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்துக்குப் போவோம், இளம் நடிகர்களை வைத்து எடுப்போம் என்றார். ரசிகர்கள் கொதித்தார்கள். பழைய நடிகர்களுக்கும் பிடிக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது, பென்னட்டும் விலகினார். 1991இல் ஸ்டார் ட்ரெக்குக்கு வெள்ளிவிழா. அதற்குள் பழைய ஆட்களை வைத்து ஒரு படம் வேண்டும், அதுவே வழியனுப்பு விழாவாகவும் இருக்கட்டும் என்று முடிவானது. பாராமவுண்ட் தலைவர் ஃபிராங்க் மன்குசோ நிமாயிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

நிமாயின் பெற்றோர் உக்ரைனிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த யூதர்கள். அந்த உக்ரைனில்தான் 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. கிளிங்கன்தான் ரஷ்யன் என்று இருபத்தைந்து ஆண்டாகச் சொல்லாமல் சொல்லி வந்திருக்கிறோம், அப்படியானால் விண்வெளியிலும் சுவர் விழட்டும் என்றார் நிமாய். அவர் இந்த யோசனையோடு தேடிப் போனது, இரண்டாம் படத்தை இயக்கித் தொடரைத் தூக்கி நிறுத்திய மேயரை. மாசசூசெட்ஸ் கடற்கரையில் நடந்துகொண்டே இருவரும் கதை பேசினார்கள்.

மேயருக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவமே இருந்தது. அப்போது அவர் 'கம்பெனி பிசினஸ்' என்ற உளவுப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். சோவியத் உளவாளி ஒருவரைக் கைதிப் பரிமாற்றத்துக்காகப் பெர்லினுக்கு அழைத்துப்போகும் அமெரிக்க உளவாளியின் கதை. படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே சுவர் விழுந்து, கதையின் அடித்தளம் ஆட்டம் கண்டது. எதிரி காணாமல் போனால் என்ன ஆகும் என்று அவரிடம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

படம் ஒரு வெடிப்போடு தொடங்குகிறது. கிளிங்கன்களுக்கு எரிசக்தி தந்த பிராக்சிஸ் என்ற துணைக்கோள் சிதறுகிறது. அதிர்வலை ஒரு வளையமாக விரிந்து, சூலு இப்போது கேப்டனாக இருக்கும் எக்செல்சியர் கப்பலை உலுக்குகிறது. செர்னோபில் என்று எழுதி ஒட்டாத குறை. கிளிங்கன்களின் தாய்க்கிரகத்தில் இன்னும் ஐம்பது ஆண்டுதான் மூச்சுவிட முடியும். ராணுவச் செலவு கழுத்தை நெரிப்பதால் அவர்களால் இதைச் சமாளிக்க முடியாது என்கிறார் ஸ்பாக்.

கிளிங்கன் தலைவரின் பெயர் கோர்கான். கோர்பச்சேவின் சாயல் பெயரிலேயே இருக்கிறது. அந்த வேடத்தில் வந்த டேவிட் வார்னரின் தாடியோ ஆபிரகாம் லிங்கனை நினைவூட்டும். சமாதானம் பேச வரும் இவரைப் பத்திரமாக அழைத்துவரும் வேலைக்குக் கிர்க்கின் பெயரை ஸ்பாக்கே கொடுத்துவிடுகிறார். நிக்சனால்தான் சீனாவுக்குப் போக முடிந்தது என்பதை வல்கன் பழமொழியாகவே அவர் சொல்லும் இடத்தில் திரையரங்கு சிரித்திருக்கும். கம்யூனிச எதிர்ப்பாளர் என்று பெயரெடுத்த நிக்சன் 1972இல் மாவோவின் கையைக் குலுக்கினார். வேறு யார் போயிருந்தாலும் துரோகி என்றிருப்பார்கள்.

ஆனால் கிர்க் நிக்சன் அல்ல. மூன்றாம் படத்தில் அவருடைய மகன் டேவிட்டைக் கொன்றவன் ஒரு கிளிங்கன். அந்த இனமே அழிகிறது என்று ஸ்பாக் சொல்லும்போது, அழியட்டுமே என்கிறார் கிர்க். இருபத்தைந்து ஆண்டாக மனிதகுலத்தின் மேன்மைக்கு எடுத்துக்காட்டாக நின்ற நாயகனின் வாயில் இந்த வார்த்தை. ஷாட்னருக்கே இது நெருடியது. சொன்னதும் உடனே வருந்துவதுபோல ஒரு சைகை காட்டி நடித்தார். படத்தொகுப்பில் அந்தச் சைகை போய்விட்டது, வார்த்தை மட்டும் நின்றது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த வெட்டு அதுதான்.

பிறகு அந்த விருந்து. இரண்டு தரப்பும் ஒரே மேசையில். கிளிங்கன்கள் கையால் அள்ளி உண்கிறார்கள், கூட்டமைப்பின் அதிகாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைக்கிறார்கள். எல்லாக் கிரகங்களுக்கும் மனித உரிமை உண்டு என்று செகோவ் பெருமையாகச் சொல்ல, கோர்கானின் மகள் அசட்பர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறாள். மனிதர் அல்லாதவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் 'மனித' உரிமையா? உங்கள் சொல்லே பாரபட்சம் என்கிறாள். பதில் சொல்ல ஆளில்லை. இந்த அடி விழுந்தது ஒரு ரஷ்யப் பாத்திரத்தின் மேல் என்பதைக் கவனியுங்கள். எதிரி யார் என்பது நாற்காலி மாறினால் மாறிவிடும்.

விருந்து முடிந்த இரவில், எண்டர்பிரைஸ் தன் எறிகணைகளை ஏவியதுபோல் தோன்ற, கோர்கானின் கப்பலில் ஈர்ப்பு விசை நின்றுபோகிறது. மிதந்து தடுமாறுபவர்கள் நடுவே காந்தக் காலணி அணிந்த இருவர் நடந்துவந்து சுடுகிறார்கள். கோர்கானின் உயிரைக் காப்பாற்ற ஓடிய டாக்டர் மெக்காயும் கிர்க்கும் கொலைக் குற்றவாளிகளாகக் கிளிங்கன் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். கிர்க் தன் நாட்குறிப்பில் கிளிங்கன்களைப் பற்றிக் கக்கிய வெறுப்பே சாட்சியாகிறது. குறுக்கு விசாரணை செய்யும் தளபதி சாங், மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் பதில் சொல் என்று கர்ஜிக்கிறார். 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் சோவியத் தூதரை மடக்கிய அதே பாணி. வார்த்தை அமெரிக்காவுடையது, வாய் கிளிங்கனுடையது.

தண்டனை, பனிக்கிரகமான ரூரா பென்தேயில் ஆயுள் முழுக்கச் சுரங்க வேலை. அங்கிருந்து தப்பித்து, சதியைக் கண்டுபிடித்து, கிட்டோமர் என்ற இடத்தில் நடக்கும் சமாதான மாநாட்டில் அடுத்த கொலையைத் தடுப்பது மிச்சக் கதை. அதன் திருப்பங்களை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் சதிகாரர்கள் யார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், படத்தின் முதுகெலும்பே அதுதான். கிளிங்கன் தளபதி சாங், கூட்டமைப்பின் அட்மிரல் கார்ட்ரைட், ரோமுலன் என்ற மூன்றாம் பேரரசின் தூதர், ஸ்பாக் அருமையாக வளர்த்த மாணவி வலேரிஸ். எந்த இரண்டு படைகள் ஒன்றாக உட்கார முடியாது என்று இவர்கள் சத்தியம் செய்கிறார்களோ, அதே இரண்டு படைகளின் ஆட்கள் சமாதானத்தைக் கெடுப்பதற்கு மட்டும் கச்சிதமாக ஒன்றுகூடிவிட்டார்கள்.

*

படப்பிடிப்பு 1991 ஏப்ரலில் தொடங்கியது. செலவு சுமார் 2.7 கோடி டாலர், தோற்றுப்போன ஐந்தாம் படத்தைவிடக் குறைவு. சிக்கனம் எங்கும் தெரியக் கூடாது, ஆனால் எங்கும் பிடித்தாக வேண்டும். பாராமவுண்ட் வளாகத்திலேயே 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அடுத்த தலைமுறைத் தொடர் 1987 முதல் தயாராகிவந்தது. அதன் அரங்குகளை இரவல் வாங்கினார்கள். தொடரில் மதுவகம், படத்தில் கூட்டமைப்பு அதிபரின் அலுவலகம். ஜன்னலுக்கு வெளியே பாரிஸ் நகரைக் காட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? என்ஜின் அறையும் அங்கிருந்து வந்ததுதான்.

அந்தத் தொடர் இன்னொன்றையும் கடன் கொடுத்தது. அதில் வோர்ஃப் என்ற கிளிங்கன், எண்டர்பிரைசின் அதிகாரி. பெர்லின் சுவர் விழுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, எதிர்காலத்தில் கிளிங்கன் நம் ஆளாகிவிடுவான் என்று அது சொல்லிவிட்டது. எனவே 1991இல் படம் பார்க்க வந்தவர்களுக்குச் சமாதானம் வரும் என்பது தெரியும். எப்படி வந்தது, யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் தெரியாது. வோர்ஃபாக நடித்த மைக்கேல் டோர்னே, நீதிமன்றத்தில் கிர்க்குக்காக வாதாடும் அவனுடைய தாத்தாவாக இந்தப் படத்தில் வந்தார்.

ரூரா பென்தேயின் பனிவெளிக்கு அலாஸ்காவின் நிக் பனியாற்றுக்கு ஒரு படக்குழு போனது. ஈர்ப்பற்ற அறையில் மிதக்கும் ரத்தத் துளிகளை ஐஎல்எம் என்ற காட்சி விளைவு நிறுவனம் கணினியில் வரைந்தது. ரத்தம் ஊதா நிறம். சிவப்பாக இருந்தால் தணிக்கைச் சான்றிதழ் கடுமையாகிவிடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. பிராக்சிஸ் வெடிப்பின் தட்டையான வளையம் ஹாலிவுட்டுக்குப் பிடித்துப்போய், பிறகு எந்தக் கிரகம் வெடித்தாலும் வளையத்தோடுதான் வெடித்தது. இசையை, அதிகம் அறியப்படாத இருபத்தாறு வயது கிளிஃப் ஐடல்மனிடம் ஒப்படைத்தார் மேயர்.

பணத்தைவிடப் பெரிய தகராறு வசனத்தில் வந்தது. 23ஆம் நூற்றாண்டு மனிதன் இனவெறியைக் கடந்தவன் என்பது ராடன்பெரியின் வேதம். மேயர் அதை நம்பவில்லை. தொழில்நுட்பம் மாறும், மனிதன் அவ்வளவு எளிதில் மாறமாட்டான் என்பது அவர் கட்சி. கப்பலின் மேல்தளத்திலேயே கிளிங்கன்களின் வாடையையும் சாப்பாட்டையும் கேலி பேசவைத்தார். முதலில் எழுதிய கதையில் துரோகி, முந்தைய படங்களில் ரசிகர்கள் விரும்பிய சாவிக் என்ற வல்கன் பெண். ராடன்பெரி முடியாது என்றார். கடைசியில் கிம் கட்ரால் நடித்த வலேரிஸ் என்ற புதுப் பாத்திரம் பிறந்தது. பக்கவாதத்தால் நொடிந்திருந்த ராடன்பெரியோடு நடந்த சந்திப்பு சூடாக முடிந்தது. நோயாளியிடம் தான் அன்று நடந்துகொண்ட விதத்துக்காக மேயர் பின்னாளில் வருத்தப்பட்டு எழுதினார்.

நடிகர்களும் தயங்கினார்கள். விருந்துக்கு யார் வருகிறார்கள் தெரியுமா என்ற பொருளில் ஒரு வசனம் நிஷெல் நிக்கல்சுக்கு எழுதப்பட்டிருந்தது. கறுப்பின மருமகனை ஏற்கத் திணறும் வெள்ளைக் குடும்பத்தைப் பற்றிய 1967 படத்தின் தலைப்பு அது. ஒரு கறுப்பினப் பெண்ணின் வாயில் அதைத் திணிப்பதா என்று அவர் சொல்ல மறுத்தார். வசனம் செகோவுக்குப் போனது. அட்மிரல் கார்ட்ரைட்டாக நடித்த பிராக் பீட்டர்ஸ், 1962இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் வெள்ளையர்கள் பொய்க் குற்றம் சுமத்தும் அப்பாவி டாம் ராபின்சனாக வாழ்ந்தவர். கிளிங்கன்களை உள்ளே விட்டால் அவர்கள் நம் அண்டத்தின் குப்பையாவார்கள் என்று அவர் பேச வேண்டும். ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. மேயர் வேண்டுமென்றே அவரைத்தான் அந்த வசனத்துக்கு நிறுத்தினார். வெறுப்பு யாருடைய பிறவிச் சொத்தும் இல்லை, யார் வாயிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது.

யார் சொன்னது சரி? ராடன்பெரியின் கனவு அழகானது. ஆனால் கனவிலேயே பிறந்தவனுக்குச் சமாதானம் செய்ய வேலையில்லை. வெறுப்பவன்தான் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. என் ஓட்டு மேயருக்கு.

*

படம் தயாராகிக்கொண்டிருந்த ஆகஸ்டில் கதை திரையைவிட்டு இறங்கியது.

1991 ஆகஸ்ட் 18 அன்று கிரிமியாவின் ஃபோரோஸ் விடுமுறை இல்லத்தில் கோர்பச்சேவ் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். மறுநாள் காலை மாஸ்கோத் தெருக்களில் டாங்கிகள். சதிக்குழுவில் பாதுகாப்பு அமைச்சர் இருந்தார், கேஜிபி தலைவர் இருந்தார், துணை அதிபரே இருந்தார். கோர்பச்சேவ் சமாதானத்துக்கு அழைத்துப்போக முயன்ற ஆட்கள்தான் எல்லோரும். மூன்றே நாளில் சதி பிசுபிசுத்தது. கோர்பச்சேவ் உயிரோடு மாஸ்கோ திரும்பினார். கோர்கானுக்கு அந்த அதிர்ஷ்டம் எழுதப்படவில்லை.

இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். எதிரியோடு கைகுலுக்கும் தலைவனுக்கு முதுகுப்பக்கமிருந்துதான் கத்தி வரும் என்பது வரலாற்றில் புதிதல்ல. இஸ்ரேலோடு உடன்படிக்கை செய்த எகிப்தின் சாதாத் 1981இல் சொந்தப் படை அணிவகுப்பிலேயே சுடப்பட்டார். படம் வந்து நான்கு ஆண்டில், பாலஸ்தீனரோடு கைகுலுக்கிய ராபினை ஓர் இஸ்ரேலியரே சுட்டார். மேயருக்கும் நிமாய்க்கும் ஜோசியம் தெரியாது, செய்தித்தாள் படிக்கத் தெரிந்திருந்தது.

அக்டோபரில் ராடன்பெரிக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சில நாட்களில், 24ஆம் தேதி, அவர் காலமானார். தான் ஒப்புக்கொள்ளாத படம் அவருடைய நினைவுக்கே காணிக்கையானது.

*

தலைப்பைப் பற்றி ஒரு சொல். 'கண்டறியப்படாத நாடு' என்ற தொடர் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் மரணத்தைக் குறிக்கும். மேயர் இதை 1982இலேயே, ஸ்பாக் சாகும் இரண்டாம் படத்துக்கு வைக்க விரும்பினார். அப்போது நிறுவனம் மாற்றிவிட்டது. ஒன்பது ஆண்டு கழித்துத் தலைப்பு கிடைத்தபோது பொருளைத் திருப்பிப்போட்டார். விருந்தில் கோர்கான் அந்தச் சொற்களைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துவது மரணத்துக்கு அல்ல, எதிர்காலத்துக்கு. மூல மொழியான கிளிங்கனில் படித்தால்தான் ஷேக்ஸ்பியர் புரியும் என்று ஒரு குத்தலும் வைக்கிறார். ஷேக்ஸ்பியர் எங்களவர் என்று ஜெர்மானியர்கள் ஒரு காலத்தில் சொந்தம் கொண்டாடியதைத் தொட்ட நையாண்டி அது. நகைச்சுவையை நிஜமாக எடுத்துக்கொண்ட ரசிகர்கள் பிறகு ஹாம்லெட் முழுவதையும் கிளிங்கன் மொழியில் பெயர்த்து 1996இல் வெளியிட்டார்கள்.

மரணமும் எதிர்காலமும் ஒரே சொல்லுக்குள் இருப்பது இந்தக் கதைக்குப் பொருந்துகிறது. பனிப்போரில் வளர்ந்தவனுக்குச் சமாதானம் ஒருவகைச் சாவுதான். சாங் சமாதானத்துக்கு அஞ்சுவது, அதன் பிறகு தான் யார் என்று தெரியாததால். கார்ட்ரைட்டுக்கும் அதே நோய். கிர்க்குக்கும் அது இருந்தது, ஆனால் அவர் அதைத் தெரிந்துகொண்டார். வளைந்துகொடுக்க முடியாத அளவுக்கு நாம் கிழடாகிவிட்டோமா என்று ஸ்பாக் அவரிடம் கேட்கும் ஒரு காட்சி உண்டு. அறுபது வயது நடிகர்கள் இருவர் அதைப் பேசும்போது நடிப்பு எங்கே முடிகிறது என்று தெரியாது.

இறுதியில் கிர்க் சாகவில்லை, பதவி உயர்வும் பெறவில்லை. கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி உத்தரவு வருகிறது. கொஞ்ச நேரம் கேட்காத காதாக இருந்துவிட்டு, பீட்டர் பேன் கதையில் சிறுவர்கள் கேட்கும் திசையை மாலுமியிடம் சொல்கிறார். கடைசிக் குறிப்பில், யாரும் போகாத இடம் என்று சொல்ல வந்தவர் ஆண்பாலில் தொடங்கி, நின்று, எல்லோருக்கும் பொதுவாகத் திருத்திக்கொள்கிறார். அசட்பர் விருந்தில் கொடுத்த அடி வீண்போகவில்லை. விண்மீன்களின் மேல் ஏழு நடிகர்களின் கையெழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைகின்றன. ஷாட்னருடையது கடைசி.

முதல் மூன்று நாளில் வசூல் சுமார் 1.8 கோடி டாலர், ஸ்டார் ட்ரெக் வரலாற்றில் அதுவரை இல்லாத தொடக்கம். உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 9.7 கோடி. ஏழு பேரும் மீண்டும் ஒரே படத்தில் சேரவில்லை. 1994இல் வந்த அடுத்த படத்தில் ஷாட்னர், டூஹன், செகோவாக நடித்த கோனிக் மட்டும் வந்தார்கள், கிர்க் அதில் இறந்தார். கெல்லி 1999இல் மறைந்தார், டூஹன் 2005இல், நிமாய் 2015இல், நிக்கல்ஸ் 2022இல். ஷாட்னர் 2021 அக்டோபரில், தொண்ணூறாவது வயதில், நிஜமாகவே விண்வெளியின் விளிம்புக்குப் போய் வந்தார். அங்கே தன்னை ஆட்கொண்டது பரவசமல்ல, துக்கம் என்று பிறகு எழுதினார்.

1991 டிசம்பர் 25 மாலை கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலகினார். கிரெம்ளின் கோபுரத்திலிருந்து செங்கொடி இறங்கியது. அமெரிக்காவில் அது கிறிஸ்துமஸ் விடுமுறை நாள். திரையரங்குகளில் கிட்டோமர் மாநாட்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

(தொடரும்)